உப்பு அக்காவின் ஐந்நூறு 'இல்லை'

"இதுல என்னைத் திட்டியிருக்காங்களா, பாராட்டியிருக்காங்களா?"

நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் என் மேசை. அது ஓடும்போது மேசையும் சேர்ந்து நடுங்கும். அன்று அது சும்மா இருந்தது. உப்பு அக்கா ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, ஒரு தாளை என் முன்னால் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல வழியில்லை. எதிரே இருந்த ஒரே நாற்காலிக்கு ஒரு கால் கிடையாது. அதை உடைத்தது யார் என்ற விசாரணை நான்கு வருடமாக நடப்பதால், 'விசாரணைப் பொருள், தொடக்கூடாது' என்று அட்டை எழுதி, நூலால் சுற்றி வைத்திருந்தார்கள்.

தாளில் முத்திரை இருந்தது. எங்கள் ஆற்று ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு மொழிகள்: மேல்மாடியில் ஒன்று, கீழே தொட்டி அறையில் ஒன்று. இரண்டையும் படித்தவள் என்பதால், சொற்களைச் சுமந்துகொண்டு படி ஏறி இறங்குவதற்கு எனக்குச் சம்பளம். இது மேல்மாடித் தாள்.

"விளக்கம் கேட்டிருக்காங்க, அக்கா."

"எதுக்கு விளக்கம்?"

"அஞ்சு சிப்பியோட கருவும் கெட்டுப்போச்சாம். உங்க பொறுப்புல இருந்தப்பதான் கெட்டுப்போச்சாம். ஏன்னு ஏழு நாளுக்குள்ள எழுத்துல சொல்லணுமாம்."

"கெட்டுப்போச்சுன்னு யாரு சொன்னா?"

"நீங்கதான்."

"நானா?"

"நீங்க நிரப்பிக் கொடுத்த படிவம். ஐந்நூறு கருவுக்கும் 'இல்லை'ல டிக் போட்டிருக்கீங்க."

"ஆமா, போட்டேன். முதல் பிளவு ரெண்டு சம பாதியா இருக்கான்னு கேட்டிருந்துச்சு. இல்ல. அதனால இல்லன்னு போட்டேன். பொய் சொல்லச் சொல்றாங்களா?"

"சமமா இல்லன்னா அது குறைபாடுன்னு படிவத்தோட பின்பக்கத்துல இருக்கு அக்கா."

"பின்பக்கம்னு ஒண்ணு இருக்கா? எனக்கு ஒத்தைப் பக்கம்தானே நகல் எடுத்துக் கொடுத்தாங்க?"

இரண்டு பேரும் இயந்திரத்தைப் பார்த்தோம். அது எதுவும் தெரியாத மாதிரி நின்றது.

"வேற என்ன சொல்லுது?"

"திங்கக்கிழமை காலையில செவுள்ல இருக்கிற கருவையெல்லாம் பீய்ச்சி எடுத்து ஸ்பிரிட்டுல போட்டுரணுமாம். குறைபாட்டை ஆராய்ச்சி பண்ணணுமாம்."

அக்கா தாளைக் கையில் எடுத்தார்.

"உயிரோட இருக்கிறதையா?"

"ஆமா."

"எனக்கு மெமோ வந்தா வரட்டும். ஓய்வுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு, அதுக்குள்ள ஒரு மெமோ கூட வாங்கலன்னா நான் வேலையே பாக்கலன்னு நினைப்பாங்க. அதுங்க என்னடி பாவம் பண்ணுச்சு? இன்னிக்கு என்ன கிழமை?"

"புதன்."

"அப்ப நடுவுல நாலு நாள் இருக்கு." தாளை நான்காக மடித்தார். பிறகு, போகிற போக்கில் கேட்பது போல, "ஆமா, அந்தப் படிவத்தை நம்ம மொழியில போட்டது யாரு?" என்றார்.

நான் பேனா மூடியைத் தேடினேன். மூடி பேனாவிலேயே இருந்தது.

"சரி விடு," என்று சொல்லிவிட்டு, மூன்றுகால் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனார்.

அவருக்கு வீட்டில் வேறு பெயர் உண்டு. நிலையத்தில் உப்பு அக்காதான். சம்பளப் பட்டியலில்கூட ஒரு முறை அப்படியே அடித்துவிட்டார்கள். மேலங்கிப் பையில் எப்போதும் ஒரு பழைய மாத்திரை டப்பா இருக்கும். அதில் பொடி உப்பு. எங்கள் ஆற்றுச் சிப்பியின் குஞ்சு, மணலைவிடச் சின்னது. அதற்குப் பிறக்கும்போதே இரண்டு ஓடுகள் இருக்கும். திறந்த வாய் மாதிரி விரித்துக்கொண்டு மிதக்கும். அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, பக்கத்தில் ஒரு சிட்டிகை உப்பைப் போடுவது. உயிர் இருந்தால் படக்கென்று மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் திறந்தபடியே கிடக்கும். இந்தச் சோதனையைச் சிப்பியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அக்காவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கூட்டத்தில் தூங்குகிற அதிகாரி, மூன்று முறை கேட்டும் குழாயைச் சரிசெய்யாத பிளம்பர், எதற்கும் பதில் போடாத தலைமை அலுவலகம் எல்லாரையும் பார்த்து, "இவங்களுக்கு ஒரு சிட்டிகை போட்டுப் பாக்கணும்," என்பார். சொல்லும்போது கை டப்பாவுக்குப் போகும்.

மூன்று மாதத் தற்காலிக வேலைக்குத் தொட்டி கழுவ வந்தவர். மூன்று மாதம் முடிந்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் யாருக்கும் நினைவுபடுத்தவில்லை. இருபத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. கழுவிய நேரம் போக மீதி நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். பழைய இயக்குநர் அம்மா, "பாத்துட்டு என்ன தெரியுதோ வரைஞ்சு வை," என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அக்கா பள்ளிக்கூட நோட்டுகளில் வரைந்தார். எல்லாம் வட்டங்கள்தான். பதினான்கு நோட்டுகள் முழுக்க வட்டங்கள். பதவியின் பெயர் மட்டும் 'ஆய்வக உதவியாளர், நிலை மூன்று' என்று மாறியது. நிலை இரண்டுக்குப் போக வேண்டுமானால் கருத்துச் சொல்லும் தகுதி வேண்டுமாம். நிலை மூன்றுக்குக் கண் மட்டும் போதும்.

வீடு டயர் கடைக்கு மேலே, இரண்டு அறை. வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவர். அதிகம் பேசமாட்டார், பேச வேண்டியதை எல்லாம் திருப்புளியால் செய்துவிடுவார். சிப்பியைத் திறக்க நிலையத்துக்கு அனுப்பியிருந்த வெளிநாட்டுக் கருவி இரண்டு சிப்பியின் தசையைக் கிழித்துவிட்டது என்று கேட்டதும், ஓர் இடுக்கியை எடுத்துக் கைப்பிடியை அழுத்தினால் மூக்கு விரிகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். நகக்கண் அளவுக்கு மேல் விரியாதபடி ஒரு திருகாணியும் வைத்தார். அதைவிட ஒரு நூல் அதிகம் திறந்தாலும் சிப்பி செத்துப்போகும். அந்தக் கருவிக்கு இன்றுவரை நிலையத்தின் பொருள் பதிவேட்டில் பெயர் கிடையாது. வெளிநாட்டுக் கருவிக்கு இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியும் இருக்கிறது.

ஒரு முறை அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். அவித்த முட்டை இரண்டு இருந்தது, ஆள் நான்கு. அக்கா நூலை எடுத்து முட்டையைச் சுற்றி இழுத்தார். நடுவில் இழுக்கவில்லை. பெரிய துண்டு ஒன்று, சின்னத் துண்டு ஒன்று. பெரியது மகளுக்குப் போனது. அவள் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"எனக்கு மட்டும் எப்பவும் ஏன் தலைத்துண்டு?" என்றார் வீட்டுக்காரர்.

"இன்னிக்கு எத்தனை மோட்டார் பாத்தீங்க?"

"ஒண்ணு."

"ஓடுச்சா?"

அவர் தலைத்துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"யாருக்கு வேலை ஜாஸ்தியோ அவங்களுக்குத்தான் பெருசு," என்றாள் மகள் என்னிடம். "இவங்க சிப்பிகிட்ட கத்துக்கிட்ட வியாதி இது. எங்க போனாலும் பங்கு பிரிக்கிறேன்னு கிளம்பிருவாங்க, சண்டை வரும்."

வியாதி எதிலிருந்து வந்தது என்று பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஆற்றுச் சிப்பிக் குடும்பத்தில் கணவனும் மனைவியும் முகம் பார்த்துக்கொள்வதே இல்லை. ஆண் தன் பங்கைத் தண்ணீரில் விட்டுவிட்டு அந்தப் பக்கமே திரும்பமாட்டான். பெண் மூச்சோடு அதை இழுத்து, தன் செவுளுக்குள்ளேயே கருவை வைத்து வளர்க்கும். செவுள் தலையணை மாதிரி உப்பிவிடும். மூச்சு விடுவதும் அதில்தான், பிள்ளை வளர்ப்பதும் அதில்தான். கருவுற்ற முட்டை முதல் முறை பிளக்கும்போது ஒரு செல் சின்னதாகவும் ஒன்று பெரியதாகவும் வரும். அக்கா அந்தக் கட்டத்துக்கு வைத்த பெயர் 'தலையும் தொப்பையும்'. அடுத்த பிளவில் தலை தன்னை ஏறக்குறைய ஒரே அளவாக இரண்டாக்கிக்கொள்ளும். தொப்பை மறுபடியும் ஒரு சின்னதையும் ஒரு பெரியதையும் கொடுக்கும். நான்கு செல்லில் மூன்று சின்னது, ஒன்று பெரியது. அந்தப் பெரியதன் வழியில் வருகிற செல்லிலிருந்துதான் ஓடு சுரக்கும் இடம் உண்டாகிறது. இந்தக் குஞ்சுக்கு மற்றது எல்லாம் பிறகு வந்தாலும் பரவாயில்லை, ஓடு முதலில் வேண்டும். வெளியே வந்த சில நாளுக்குள் ஒரு மீனின் செவுளைக் கவ்விப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். கவ்வுவது ஓட்டால்தான். ஆக, வேலை அதிகம் உள்ள செல்லுக்கு முதல் நாளே பங்கு அதிகம். யாரும் வழக்குப் போடுவதில்லை.

புதிய இயக்குநருக்கு இது தெரியாது. அவர் பதினோரு வருடம் தவளை முட்டை பார்த்தவர். தவளை முட்டை நடுவில் கோடு போட்ட மாதிரி இரண்டு சம பாதியாகப் பிளக்கும். பார்க்கவே ஒழுக்கமாக இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் முட்டை என்றால் அப்படித்தான் என்று அவருக்குப் பழகிவிட்டது. சிப்பியைப் பற்றி விவரமாக எழுதிய தடித்த புத்தகம் நிலையத்து அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி இயக்குநரிடம் இருந்தது. அதனால் யாராலும் அதைப் படிக்க முடியவில்லை. வந்த இரண்டாம் வாரமே படிவம் ஒன்று தயாரித்தார். 'முதல் பிளவு: இரண்டு சம பாதிகள் - ஆம் / இல்லை.' அக்கா அவருக்கு வைத்த பெயர் 'சமபாதி'. ஆளின் வயிற்றைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருந்தாது.

படிவம் வந்த அன்றே அக்கா அவரைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். நான் நடுவில் நின்று பேச்சை மொழிமாற்றினேன்.

"இது இப்படித்தான் சார் பிளக்கும். இருபத்து மூணு வருஷமா பாக்கறேன்."

நான் மேல்மொழியில் சொன்னேன். அவர் கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். நான் அதைக் கீழே இறக்கினேன்: "இருபத்து மூணு வருஷமா தப்பாவே பாத்திருக்கீங்களாம்."

அக்கா என்னைப் பார்த்தார். "இதை இவ்வளவு கச்சிதமா சொல்லணுமா?"

அவர் கேட்டது சரி. எனக்குத் துல்லியமாக மொழிபெயர்ப்பது தவிர வேறு எதுவும் தெரியாது.

மெமோவின் கதைக்கு வருகிறேன். அந்த ஐந்து சிப்பிகளும் சும்மா கிடைத்தவை அல்ல. ஆற்றை ஆழப்படுத்துகிறோம் என்று இயந்திரம் இறங்கிய பிறகு, மிச்சமிருந்த வளைவில் அக்காவும் இரண்டு படகுக்காரர்களும் ஒன்பது மாதம் தடவித் தேடி எடுத்தவை. ஒவ்வொன்றுக்கும் வயது அக்காவின் மகளைவிட அதிகம். இந்த வருடக் கரு போனால், அடுத்த வருடம் அதே தண்ணீரில் ஆண் சிப்பி இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை ஸ்பிரிட் பாட்டில் திறந்தால், அந்த ஆற்றில் அந்த இனத்தின் கதை பாட்டிலோடு முடியும். இத்தனையும் ஒரு கட்டத்துக்குள் போட்ட டிக்கால்.

வியாழக்கிழமை காலையில் அக்கா மறுபடி வந்தார். இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. மூன்றுகால் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை ஏன் நாலு வருஷமா யாரும் தூக்கிப் போடல?"

"விசாரணை முடியலையே அக்கா. முடியற வரைக்கும் ஆதாரத்தை யாரும் தொடக்கூடாது, மாத்தக்கூடாதுன்னு விதி."

"யாருமா? இயக்குநர் கூடவா?"

"அவரும்தான்."

"என் மெமோவுல விசாரணைன்னு வார்த்தை இருக்கா?"

எடுத்துப் பார்த்தேன். கடைசி வரியில் இருந்தது. 'விளக்கம் திருப்தியளிக்காவிட்டால் விசாரணைக் குழு அமைக்கப்படும்.'

"அப்ப எழுது," என்றார். "நான் சொல்றதைச் சொல்ற மாதிரியே போடு. பவுடர் போட்டுத் தலைசீவி அனுப்பாதே."

எழுதினேன். அக்கா சொன்னது இவ்வளவுதான்: தான் பார்த்ததைத்தான் டிக் போட்டதாகவும், அதைத் தவிர வேறு விளக்கம் இல்லை என்றும், அந்த விளக்கம் நிச்சயம் யாருக்கும் திருப்தியளிக்காது என்பதால் உடனே விசாரணைக் குழு அமைக்க வேண்டும் என்றும், தன்மீதான குற்றம் முழுவதும் செவுளுக்குள் இருப்பதால் விசாரணை முடியும்வரை அந்த ஐந்து சிப்பிகளும் அவற்றின் கருவும் ஆதாரம் என்றும்.

தலைமை எழுத்தர் அதைப் படித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். விதிப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர். முப்பது வருடத்தில் யாரும் அவரிடம் விதியைக் கேட்டு வந்ததில்லை, எப்படித் தப்பிப்பது என்று கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள். அவர் முகம் மலர்ந்தது. "பதினேழாவது விதி, இரண்டாவது பத்தி," என்றார் மெதுவாக, நெடுநாள் காணாத உறவினரைப் பார்த்த மாதிரி. நூல் உருண்டையையும் அரக்கையும் எடுத்துக்கொண்டு தானே கீழே இறங்கி வந்தார்.

மதியத்துக்குள் தொட்டி நூலால் சுற்றப்பட்டது. 'விசாரணைப் பொருள், தொடக்கூடாது.' ஐந்து கிழச் சிப்பிகள் உள்ளே மணலில் பாதி புதைந்து, அரசாங்கப் பாதுகாப்பில் மூச்சு விட்டன.

இயக்குநர் கோபப்பட்டார் என்று சொல்லமுடியாது. அவர் கோபப்படுவதற்கும் ஒரு படிவம் வைத்திருந்திருப்பார். ஒரே ஒரு சிக்கல். தண்ணீர் மாற்ற வேண்டுமே? தொட்டியைத் தொடக்கூடாதே? தலைமை எழுத்தர் அதற்கும் வழி கண்டுபிடித்தார்: 'ஆதாரப் பராமரிப்பு அனுமதிச் சீட்டு'. ஒவ்வொரு முறைக்கும் ஒரு சீட்டு, இரண்டு கையெழுத்து. கையெழுத்துக்காரர்களில் ஒருவர் மாடியில் இருக்கமாட்டார். தினமும் மாற்ற வேண்டிய தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒரு முறை ஆனது. ஏழாம் நாள், மூன்றாம் எண் சிப்பி கருவை எல்லாம் பாதியில் வெளியே தள்ளிவிட்டது. மூச்சு முட்டினால் அது அப்படித்தான் செய்யும். முதலில் தன் உயிர். தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்ததை அக்கா குழாயால் உறிஞ்சி எடுத்தார். அன்று யாரையும் கேலி செய்யவில்லை. டப்பாவையும் தொடவில்லை.

"சீட்டுல கையெழுத்துப் போடறவருக்கு இதை ஒரு கிண்ணத்துல போட்டு அனுப்பட்டுமா?" என்றார் கடைசியில். அனுப்பவில்லை.

கரு முழுக் குஞ்சாவதற்கு ஏறக்குறைய இருபத்து நான்கு நாள். அதனால் உலகத்திலேயே முதல்முறையாக ஒருவர் தன்மீதான விசாரணை தாமதமாக வேண்டும் என்று ஏங்கினார். அலுவலகமும் வழக்கம்போல உதவியது: ஒரு உறுப்பினர் விடுப்பில் போனார், கூட்ட அறைக்கு வெள்ளை அடித்தார்கள். ஆனால் திடீரென்று அவர்களுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. உறுப்பினர் ஒருவருக்கு இடமாற்றம். அதற்கு முன்னால் முடித்துவிடுவோம் என்று கருவின் பன்னிரண்டாம் நாளைக் குறித்துவிட்டார்கள். பன்னிரண்டாம் நாளில் கரு பாதி வெந்த பலகாரம் மாதிரி இருக்கும். ஓடு மெலிதாகத் தெரியும், ஆனால் மூடத் தெரியாது. உப்புப் போட்டால் ஒன்றும் நடக்காது. இயக்குநர் சொன்னது சரி என்று குழு எழுதிவிட்டுப் போய்விடும். பிறகு ஸ்பிரிட்.

அக்கா பதினான்கு நோட்டுகளையும் என் மேசையில் கொண்டுவந்து அடுக்கினார்.

"இதெல்லாம் என் தரப்பு ஆதாரம். குழுவுக்குக் கொடுக்கணும். அவங்க மொழியில கொடுக்கணும். எத்தனை நாள் ஆகும்?"

புரட்டினேன். வட்டங்கள்; வட்டத்துக்குக் கீழே நாலைந்து சொற்கள். "மூணு நாள் அக்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"மூணு நாள் போதும், எழுத்து கம்மிதான்..."

"படிச்ச பொண்ணு நீ. இதுல எவ்வளவு நுணுக்கம் இருக்குன்னு உனக்குத் தெரியாது. தலைன்னு போட்டிருக்கேன், தொப்பைன்னு போட்டிருக்கேன். அதுக்கெல்லாம் அவங்க மொழியில சரியான வார்த்தை தேடணும். இல்ல?"

நான் நோட்டைப் பார்த்தேன். தொப்பையைப் பார்த்தேன்.

"ரெண்டு வாரம் ஆகும்," என்று மேல்மாடிக்கு எழுதிக் கொடுத்தேன். வேகமானவள் என்று பெயர் வாங்கியிருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. விசாரணை இருபத்தாறாம் நாளுக்குத் தள்ளிப் போனது. அந்த இரண்டு வாரமும் நான் மேசையில் உட்கார்ந்து தொப்பைக்குச் சொல் தேடினேன்.

குழுவில் மூன்று பேர். தலைவர் தலைமை அலுவலகத்து மீன் நிபுணர். மீனைத் தவிர தண்ணீரில் இருப்பதெல்லாம் அழுக்கு என்று நினைப்பவர். இரண்டாமவர் வந்ததிலிருந்து கைபேசியில் இருந்தார். மூன்றாமவர் கட்டடப் பிரிவுப் பொறியாளர்; ஆள் கிடைக்காததால் சேர்த்திருந்தார்கள். தலைமை எழுத்தர் கத்தரிக்கோலால் நூலை வெட்டினார். அக்கா வீட்டுக்காரர் செய்த இடுக்கியை எடுத்து முதல் சிப்பியை நகக்கண் அளவு திறந்து, செவுளிலிருந்து ஒரு சொட்டை உறிஞ்சிக் கண்ணாடித் தட்டில் விட்டார். மைக்ராஸ்கோப்போடு இணைத்த திரையில் படம் வந்தது.

அக்கா மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்தார், திறக்கவில்லை. அதுவரை அவர் உப்புப் போட்டுப் பார்க்கவே இல்லை. போட்டால் அந்தச் சொட்டில் இருப்பவை வீணாகும். ஏற்கனவே ஒன்றின் கரு போய்விட்டது. தண்ணீர்ச் சீட்டு இத்தனை செய்த பிறகு, உள்ளே இருப்பது உயிரா வெறும் ஓடா என்று அவருக்கும் தெரியாது.

முதலில் பொறியாளர்தான் கேட்டார். அவருக்கு எங்கள் மொழி தெரியும். "என்னம்மா பிரச்சினை? பெருசு சின்னதா பிளந்ததா குற்றம்?"

"ஆமா சார்."

"சமமாத்தானே பிளக்கணும்?"

"நீங்க கட்டடம் கட்டறீங்களே சார், தூணுக்கும் ஜன்னலுக்கும் ஒரே அளவா கான்கிரீட் போடுவீங்க?"

பொறியாளர் யோசித்தார். "இதுல எது தூணு?"

"பெருசு. அதுலேருந்துதான் ஓடு வரும். இது முதல்ல கட்டறதே ஓட்டைத்தான்."

நான் இதை மற்றவர்களுக்கு மொழிமாற்றினேன். இயக்குநர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா மாத்திரை டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகையைத் தட்டில் போட்டுவிட்டார்.

திரையில் நூறு சின்ன வாய்கள் திறந்திருந்தன. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்தில் ஒன்று மூடியது. அடுத்தது. அப்புறம் அலை மாதிரி, படக் படக்கென்று ஏறக்குறைய எல்லாம்.

"அட! எல்லாம் ஒண்ணா வாயை மூடிருச்சே!" என்றார் பொறியாளர்.

"ஆபீஸ்ல மெமோ வந்தா மூடற மாதிரிதான் சார்," என்றார் அக்கா. அதை நான் மொழிமாற்றவில்லை. என் வேலையில் நான் தெரிந்தே விட்ட முதல் வாக்கியம் அது.

எண்ணினார்கள். நூற்றில் தொண்ணூற்று மூன்று. மற்ற மூன்று சிப்பிகளிலும் ஏறக்குறைய அதே. கைபேசிக்காரர் கைபேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார். இயக்குநர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சமமற்ற பிளவு இந்த வகை உயிர்களில் நன்கு அறியப்பட்ட ஒன்றே என்றும், தான் ஆரம்பத்திலிருந்தே இதை எதிர்பார்த்ததாகவும் சொன்னார். அதையும் நான்தான் இறக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

"எதிர்பாத்தாராமா?" என்றார் அக்கா. "நல்லது. நானும் அவரை எதிர்பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சீட்டு இல்லாமல் நடந்தது. குஞ்சுகளை மீன் தொட்டியில் விட்டார்கள். அவை செவுள்களைக் கவ்விக்கொண்டன. பதினாறு நாள் மீனின் செவுளில் இலவச வாடகைக்கு இருந்துவிட்டு, மணல் மாதிரி உதிர்ந்தன. அக்கா சல்லடையில் அலசி எண்ணினார். ஆயிரத்துச் சொச்சம், ஒவ்வொன்றும் கால் நீட்டி ஊர்ந்தது. நிலையத்தின் ஆண்டறிக்கையில் அது இரண்டு பக்கம் வந்தது, இயக்குநரின் படத்தோடு. அக்காவுக்கும் ஒரு தாள் வந்தது.

நகல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, மேசை நடுங்கியது. அக்கா தாளை நீட்டினார்.

"இதுல திட்டியிருக்காங்களா, பாராட்டியிருக்காங்களா?"

படித்தேன். "ரெண்டும் இல்லக்கா. குற்றச்சாட்டு முடித்து வைக்கப்படுகிறதுன்னு போட்டிருக்கு. இனிமே படிவங்களை முழுக் கவனத்தோட நிரப்பணும்னு அறிவுரை சொல்லியிருக்காங்க."

"அப்ப தப்பு என்னோடதுதான்."

"அடுத்த வருஷத்துக்குப் புதுப் படிவம் தயாராகுதாம்."

"ம்." அக்கா மூன்றுகால் நாற்காலியின் நூலைச் சரிசெய்தார். அந்த விசாரணை இன்னும் நடந்துகொண்டிருந்தது.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல அந்த மேசை நடுக்கம் வசதியாக இருந்தது. "அக்கா, பழைய படிவத்தை நம்ம மொழியில போட்டது நான்தான். சம பாதின்னு இருந்துச்சு. அப்படியே போட்டேன். சரியான்னு உங்களை ஒரு வார்த்தை கேட்கல."

"தெரியும்டி. அடியில பொடி எழுத்துல உன் பேரெழுத்து இருந்துச்சு. மைக்ராஸ்கோப் பாக்கற கண்ணுக்கு அது தெரியாதா? முதல் நாளே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் கேட்டீங்க?"

"ஒரு சிட்டிகை போட்டுப் பாத்தேன்."

இயந்திரம் நின்றது. என் மேசையும் நின்றது. அக்கா மெமோவை மடித்து, உப்பு டப்பா இருக்கிற பையிலேயே வைத்துக்கொண்டார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணு பண்ணு. அந்தப் புதுப் படிவம் உன்கிட்டதான் வரும். வந்தா நம்ம மொழியில போடு, அழகா போடு. ஆனா அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி கீழ வந்து எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டு. பின்பக்கத்தையும் சேர்த்து."